தொட்டில் பழக்கமும் காஞ்சித் தர்மபாலரும்

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்று பெரும்பாலும் அடுத்தவரைப் பார்த்துத்தான் சொல்கிறோம். அறுபது, எழுபதைக் கடந்த பிறகு அந்தப் பழமொழி மெல்ல நம் பக்கம் திரும்புகிறது. யோக வகுப்புக்குப் போகிறோம். உபந்நியாசம் கேட்கிறோம். விடியற்காலையில் கண்ணை மூடி உட்காருகிறோம். உட்கார்ந்திருக்கும்வரை மனம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறது. எழுந்து கூடத்துக்கு வந்ததும் யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டால் போதும், பழைய ஆள் ஒரு குறையுமில்லாமல் திரும்பி வந்துவிடுகிறார்.

அப்படியானால் மனிதனுடைய நம்பிக்கைகளும் மனப்போக்கும் நிலையாக மாறவே மாறாதா? மாறும் என்றால் எப்படி? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 1450 ஆண்டுகளுக்கு முன்பு மிக நுணுக்கமான பதில் ஒன்றைச் சொன்னவர் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். பெயர் தர்மபாலர். சீனாவிலும் ஜப்பானிலும் தத்துவம் படிப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். நம்மூரில் பட்டுக்கடைக்காரரிடமோ கோயில் குருக்களிடமோ கேட்டால் யார் என்று கேட்பார்கள். அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

காஞ்சி என்றால் நமக்கு ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதர். சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்று பிரித்துச் சொல்வோம். திருப்பருத்திக்குன்றத்தில் சமணக் கோயில் இன்னும் இருப்பதால் ஜினகாஞ்சியையும் நினைவில் வைத்திருக்கிறோம். புத்தரின் காஞ்சிதான் மறந்துபோயிற்று. மணிமேகலைக் காப்பியத்தின் நாயகி கடைசியில் வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்பது இதே ஊரில்தான். 640ஆம் ஆண்டை ஒட்டி, நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இங்கே வந்தார். இந்தத் திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகவும், தேவர் கோயில்கள் எண்பது வரை இருந்ததாகவும், சமணர்கள் நிறையப் பேர் இருந்ததாகவும் எழுதிவைத்தார். இங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏற நினைத்திருந்தார். அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டு வேறு வழியாகத் திரும்பிவிட்டார்.

1915இல் கோபிநாத ராவ் காஞ்சியில் தேடிப் பார்த்துப் புத்தர் சிலைகள் பலவற்றைக் கண்டு கட்டுரை எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த நின்ற கோலப் புத்தர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கிறார். மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' படித்தவர்களுக்கு இந்த விவரங்கள் புதிதல்ல.

யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதும்போது முக்கியமாகக் குறித்த செய்தி, இது தர்மபாலர் பிறந்த ஊர் என்பதுதான். அவர் கேட்டு எழுதிய வரலாறு இது. தர்மபாலர் இந்நாட்டு அமைச்சர் ஒருவரின் மூத்த மகன். சிறு வயதிலேயே கூர்மையான அறிவு. வளர்ந்ததும் அரசர் தம் மகளை அவருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பையனுக்கு மனம் ஒப்பவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு புத்தர் சிலையின் முன் உட்கார்ந்து உருகி வேண்டினார். தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பல காதம் தள்ளி ஒரு மலைமேல் மடத்தில் விட்டது. காலையில் கதவைத் திறந்த துறவி, உள்ளே ஒரு இளைஞன் இருப்பதைப் பார்த்துத் திருடனோ என்று சந்தேகப்பட்டார். பிறகு விவரம் கேட்டுச் சீடனாகச் சேர்த்துக்கொண்டார்.

தெய்வம் தூக்கிச் சென்றதோ, அவரே நடந்து போனாரோ, காஞ்சியை விட்டுப் போன அந்த இளைஞர் மகத நாட்டு நாலந்தாவில் பெரிய ஆசிரியரானார். இருபத்தொன்பது வயதில் புத்த கயையில் ஒதுங்கி வாழ்ந்து, முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார் என்று சீன மரபு சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்று கணக்கிடுகிறார்கள்.

அவர் சார்ந்த பிரிவின் பெயர் யோகாசாரம். யோகத்தையே ஆசாரமாக, அதாவது நடைமுறையாகக் கொண்டது என்று பொருள். யோகம் என்றதும் இன்று நமக்கு நினைவு வருவது ஆசனமும் மூச்சுப்பயிற்சியும். அவர்களுக்கு அது மனத்தை உட்கார்ந்து கவனித்து, அது எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, அடியோடு திருப்புகிற வேலை. பெஷாவர்ப் பக்கத்தில் பிறந்த வசுபந்து என்ற ஆசான் அந்தக் கொள்கையை முப்பது சுலோகங்களில் சுருக்கி வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பத்துப் பேர் உரை எழுதினார்கள். அந்தப் பத்தில் தலையாயது நம் தர்மபாலருடையது.

அதன் சாரத்தை என்னால் இயன்றவரை எளிதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கண், காது முதலிய ஐந்து புலன்களின் அறிவு ஐந்து. அவற்றைத் தொகுத்து யோசிக்கிற மனம் ஆறாவது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்தது. இதற்கு அடியில் ஏழாவதாக ஒன்று, தூங்கும்போதுகூட "நான், நான்" என்று பற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் அடியில் எட்டாவது, ஆலய விஞ்ஞானம். இங்கே ஆலயம் என்பது கோயில் அல்ல, இருப்பிடம், களஞ்சியம். நாம் செய்வது, பேசுவது, நினைப்பது ஒவ்வொன்றும் அந்தக் களஞ்சியத்தில் ஒரு விதையைப் போட்டுவிடுகிறது. தருணம் வரும்போது விதை முளைத்து மறுபடி செயலாகிறது. அந்தச் செயல் மறுபடி விதை போடுகிறது.

இப்படி விதை பதிவதற்கு அவர்கள் வைத்த பெயர் வாசனை. எள்ளையும் பூவையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் பூ வாடிப்போகும், எள்ளில் மணம் தங்கிவிடும், அந்த எள்ளை ஆட்டினால் எண்ணெயும் மணக்கும். இதுதான் அவர்கள் சொன்ன உவமை. "படிப்பு வாசனையே இல்லாதவன்", "பூர்வ ஜென்ம வாசனை" என்றெல்லாம் நம் பாட்டிகள் பேசியதும் இதே பொருளில்தான்.

இங்கே உரையாசிரியர்களுக்குள் ஒரு சண்டை. விதைகள் எல்லாம் ஆதியிலிருந்தே உள்ளவை, புதிதாக எதுவும் விழுவதில்லை என்றார் சந்திரபாலர். இல்லை, எல்லா விதையும் பழக்கத்தால் விழுந்ததுதான் என்றார் நந்தர். நம் வீட்டு வாதம் போலவே இருக்கிறது. "அவன் பிறவிக் குணம் அது" என்று ஒருவர் சொல்ல, "எல்லாம் சேர்க்கை" என்று இன்னொருவர் சொல்வோம் அல்லவா? தர்மபாலர் இரண்டும் உண்டு என்றார். பிறவியோடு வந்த விதையும் உண்டு, புதிதாக விழுகிற விதையும் உண்டு. முதலாவது மட்டும்தான் என்றால் முயற்சிக்கு வேலையில்லை. இரண்டாவது மட்டும்தான் என்றால் இதுவரை இல்லாத நல்லது முதன்முதலில் எங்கிருந்து முளைக்கும்?

அடுத்து அந்த மரபு செய்கிற ஒரு பாகுபாடு, என் கேள்விக்கு நேரான பதில் என்று எனக்குப் பட்டது. தவறான பற்றுகள் இரண்டு வகை. ஒன்று, பிறர் சொல்லியும் நாமே தர்க்கம் பண்ணியும் ஏற்றுக்கொண்டது. இன்னொன்று, கூடவே பிறந்து ஊறியது. முதல் வகை, உண்மையை ஒருமுறை நேராகக் கண்டதும் விழுந்துவிடும். இரண்டாவது அப்போது விழாது. கண்ட பிறகும் நெடுங்காலம் பயில வேண்டும், அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

இதை ஐந்து படிகளாக வைத்திருக்கிறார்கள். முதலில் சாமான் சேகரிப்பது போல நல்லதைச் சேர்ப்பது. இரண்டாவது, தீவிரமாக முயல்வது. மூன்றாவது, உண்மையைக் காண்பது. நான்காவது, பயில்வது. ஐந்தாவது, நிறைவு. காண்பது நடுவில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் கண் திறந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் கணக்கில் அதற்கப்புறம்தான் நெடிய பாதை. எல்லாம் முடிந்து அடித்தளமே புரண்டு மாறுவதை ஆச்ரய பராவிருத்தி என்றார்கள். அதற்கு ஆகும் காலம் எண்ணிலடங்காத கல்பங்கள் மூன்று! ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு இதைக் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லியிருப்பது நேர்மையான பேச்சு.

நம்மூர்ச் சாயப்பட்டறையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கச்சாப் பட்டு நூலில் இயற்கையான பசை இருக்கிறது, எடையில் ஏறத்தாழ கால் பங்கு. அந்தப் பசையோடு சாயம் ஏற்றினால் மேலே பிடித்தது போலத் தெரியும், பசை போகும்போது சாயமும் போய்விடும். அதனால் சிட்டங்களைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து, அலசி, அப்புறம்தான் சாயத் தொட்டியில் முக்குவார்கள். புத்தரே அழுக்குத் துணியில் சாயம் சரியாகப் பிடிக்காது என்ற உவமையைச் சொன்னதாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. உபதேசம் என்பது சாயம். அதற்கு முன்னால் அவிக்கிற வேலை ஒன்று இருக்கிறது.

இதே காரியத்தைப் பதஞ்சலியும் வேறு பாஷையில் சொல்கிறார். அவருக்கு விதை என்பது சம்ஸ்காரம். பயிற்சி நெடுங்காலம், இடைவிடாமல், ஈடுபாட்டோடு நடந்தால்தான் உறுதியாக வேரூன்றும் என்கிறார். தீய எண்ணம் தொல்லை கொடுத்தால் அதற்கு எதிரானதை நினைத்துப் பழகச் சொல்கிறார். ஒரு பதிவை அடக்குவது இன்னொரு பதிவுதான் என்பதும் அவர் கருத்து. ஆத்மா உண்டா இல்லையா என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துவராது. பழக்கத்தைப் பழக்கத்தால்தான் மாற்றமுடியும் என்பதில் இருவரும் ஒரே பக்கம்.

தத்துவம் இருக்கட்டும், நடப்பில் இது சரிதானா? காஞ்சியை ஒட்டிய மூன்று வரலாறுகளை இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தேன்.

முதலாவது, அப்பர் பெருமான். மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தலைவராக இருந்தவர். அந்தப் பாடலிபுத்திரம் நம் திருப்பாதிரிப்புலியூர். சூலை நோய் வந்தது, தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்குப் போனார், பாடினார், நோய் தீர்ந்தது. கொள்கை மாறியது ஒரே நாளில். அவரைத் தண்டித்த பல்லவ மன்னனும் பின்னர்ச் சைவனானான் என்கிறது பெரியபுராணம். அவன் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நான் கவனித்தது வேறு. மாறிய அந்த நாளோடு அப்பர் நிற்கவில்லை. கையில் உழவாரம் எடுத்தார். கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கினார். எண்பத்தொரு வயதுவரை அதைச் செய்தார் என்பது மரபு. முன்பு இருந்த வாழ்வை நினைத்து வருந்துகிற வரிகள் அவர் பதிகங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. சமணம் உயர்வா தாழ்வா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. கொள்கை ஒரு நாளில் மாறினாலும் களஞ்சியம் மாற ஆயுள் முழுக்கப் புல் செதுக்க வேண்டியிருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இரண்டாவது, திருக்கச்சிநம்பிக்கு நடந்த விருந்து. வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கர்யம் செய்தவர் நம்பி. அந்தணர் குலத்தவர் அல்லர். அவரைக் குருவாக நினைத்த ராமானுஜர், அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ராமானுஜரின் மனைவி இலையை எடுத்து எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டு, கணவருக்குப் புதிதாகச் சமைத்து வைத்திருந்தார். திரும்பி வந்த ராமானுஜர் மனம் நொந்துபோனார்.

குருபரம்பரைக் கதை சொல்பவர்கள் எல்லோரும் அந்த அம்மாளைக் குறை சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் நம்பியை வெறுத்தார் என்று தோன்றவில்லை. நம்பிக்கு உணவு பரிமாறியதும் அவர் கைதான். தாயிடமும் பாட்டியிடமும் பார்த்துப் பார்த்து ஊறிய விதை, யோசிக்க இடம் கொடுக்காமல் அந்தக் கையை அசைத்துவிட்டது. ராமானுஜர் தாம் கண்டதை மனைவிக்கும் பயிற்றுவித்தாரா என்று கதை சொல்லவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சாதி வித்தியாசம் கூடாது என்று நாம் படித்தோம், பேசினோம், மனதார ஒப்புக்கொண்டும் இருக்கிறோம். வீட்டில் பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பேச்சு வந்தபோது நம்முடைய வாய் முதலில் எதைக் கேட்டது? நான் யாரையும் சுட்டவில்லை. என் தலைமுறையில் மேடைப் பேச்சு ஒன்றும் கூடத்துப் பேச்சு வேறொன்றுமாக வாழ்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் வேஷக்காரர்கள் என்று இளையவர்கள் சொல்கிறார்கள். வேஷக்காரர்கள் சிலர் இருக்கலாம். பலருக்கு முதல் வகைப் பற்று விழுந்துவிட்டது, இரண்டாவது வகை விழவில்லை. இதனால் யாருக்கும் மன்னிப்புக் கிடைத்துவிடாது. மீதி வேலை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, யாதவப்பிரகாசர். திருப்புட்குழியில் பாடம் நடத்தியவர், ராமானுஜரின் ஆசிரியர். வேதாந்தப் பொருளில் சீடன் தன்னோடு மாறுபட்டதைப் பொறுக்க முடியாமல், காசி யாத்திரை என்று கூட்டிப்போய் உயிரையே எடுக்க நினைத்தார் என்கிறது குருபரம்பரை. தப்பி வந்த ராமானுஜர் பதிலுக்கு வாதம் செய்யப் போகவில்லை. நம்பி சொன்னபடி சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் வரதருக்குத் தீர்த்தம் கொண்டுவந்தார். அத்தனை கற்ற ஒருவர் குடம் சுமந்தார். பல காலம் கழித்து, முதிய வயதில், தாயின் சொல்லும் தூண்ட, யாதவப்பிரகாசரே தம் பழைய மாணவனிடம் வந்து துறவு ஏற்றார். கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். பிறகு ராமானுஜர் சொல்லி அவர் எழுதிய நூல் 'யதிதர்ம சமுச்சயம்'. பழைய கொள்கையை மறுக்கும் வாத நூல் அல்ல அது. துறவி காலையில் எழுந்தது முதல் எப்படிக் குளிக்க வேண்டும், எப்படி உண்ண வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்கிற அன்றாட ஒழுக்க நூல். வாழ்நாளெல்லாம் வாதம் செய்து பழகிய ஒரு முதியவர், மாறிய பிறகு கையில் எடுத்தது தினசரிப் பழக்கங்களை.

உழவாரம், குடம், தினசரி ஒழுக்கம் மூன்றும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. மூன்று பேரும் தர்மபாலரைப் படித்திருக்க வேண்டியதில்லை. சமயமும் வேறு. ஆனால் கண்ட பிறகு பயில வேண்டும் என்பதை அவர்கள் வாழ்க்கை காட்டிவிட்டது.

தர்மபாலரின் நூலுக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். அவருடைய சீடர் சீலபத்திரர் அவருக்குப் பின் நெடுங்காலம் வாழ்ந்தார். யுவான் சுவாங் நாலந்தாவுக்குப் போனபோது சீலபத்திரருக்கு வயது நூறைத் தாண்டியிருந்தது என்கிறார்கள். அந்த வயதிலும் சீனத்துச் சீடருக்கு உட்கார்ந்து பாடம் சொன்னார். யுவான் சுவாங் 645இல் சீனா திரும்பி, 659இல் பத்து உரைகளையும் சேர்த்து, தர்மபாலர் கருத்தையே முடிவாகக் கொண்டு, சீன மொழியில் ஒரே நூலாக ஆக்கினார். ஜப்பானியத் துறவி தோஷோ அவரிடம் படித்து அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோனார். நாரா நகரத்தின் கோபுகுஜி, யாகுஷிஜி கோயில்கள் இன்றும் அந்த மரபின் தலைமைக் கோயில்கள். தர்மபாலர் எழுதிய வடமொழி மூலம் கிடைக்கவில்லை. காஞ்சிக்காரர் மனத்தைப் பற்றி நினைத்ததை அறிய இன்று சீன மொழியைத்தான் நாடவேண்டும்.

தொட்டில் பழக்கம் என்கிற பழமொழி பொய்யில்லை. விதை ஆழமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுடுகாடு மட்டும் அது அப்படியே இருந்தாக வேண்டும் என்பதைத் தர்மபாலர் ஒப்புக்கொள்ளமாட்டார். விழுகிற ஒவ்வொரு செயலும் விதை என்றால், இன்று சாயங்காலம் செய்கிற செயலும் விதைதான். அதற்கு வயது வரம்பு வைத்ததாக நான் படித்த வரையில் இல்லை.

ஆகவே ஒத்த வயது நண்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இது. தியானத்தில் கண்டது கூடத்தில் நிற்கவில்லையே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கண்டது பொய்யாகிவிடவில்லை, மூன்றாவது படி முடிந்து நான்காவது படியில் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். மாற வேண்டியது எதுவோ அதற்கு எதிரான சின்னச் செயல் ஒன்றை எடுத்துத் தினமும் செய்து பார்க்கலாம். கோபக்காரர் தினம் ஒரு வார்த்தையை விழுங்கட்டும். வேற்றுமை பார்த்துப் பழகியவர், இதுவரை அழைக்காத ஒருவரை வீட்டுக்கு அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அடுத்த வாரமும் அழைக்கட்டும்.